கையை விட்டுப் பார்த்தவர்

வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அரியலூர் என்றால் சிமென்ட். கொஞ்சம் ஊர் சுற்றியவர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம். எனக்கு முந்தைய தலைமுறைக்கு அரியலூர் என்றால் ரயில்தான். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் மெஸ்ஸில் பரிமாறிய பெரியவர், "எந்த ஊரு தம்பி?" என்றார். அரியலூர்ப் பக்கம் என்றேன். கரண்டியை சாம்பார் வாளியிலேயே விட்டுவிட்டு, "அடடா, ரயிலு கவுந்த ஊரா!" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓர் அப்பளம் கூடுதலாக வைத்தார். நான் பிறப்பதற்கு முன் மருதையாற்றில் நடந்ததற்கு என்னிடம் அனுதாபப்பட்ட முதல் ஆள் அவர்.

நடந்தது 1956 நவம்பர் 23 அன்று. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு வண்டி, பொழுது விடிகிற நேரத்தில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. மழைக்காலம், ஆறு நிறைய வெள்ளம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருதையாற்றைக் கோடையில் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். இதுவா ஒரு ரயிலைப் புரட்டியது என்று தோன்றும்.

ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் அருகே இன்னொரு விபத்து. அப்போதும் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு கடிதம் சாஸ்திரியின் முகமாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கே விபத்து நடந்தாலும், எந்த அமைச்சரை நோக்கியும், "அந்தக் காலத்துல சாஸ்திரின்னு ஒருத்தர் இருந்தாரு" என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

அதே துறையில் துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன். செங்கல்பட்டுப் பக்கம் ஒழலூர்க்காரர். அவருக்கும் எங்கள் ஊருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. ஆனால் 1957 தேர்தலில் முதன்முதலாகக் களம் இறங்கிய தி.மு.க. அவருக்கு எங்கள் ஊரை அடைமொழியாகக் கட்டிவிட்டது. அரியலூர் அழகேசன்! ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக வைத்து அவரைக் கேட்ட கேள்வி சுவரெல்லாம் ஏறியது. மேடைத் தமிழ் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்தத் தேர்தலில் செங்கல்பட்டில் அவர் தோற்றார். தோல்விக்கு அடைமொழிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, தேர்தலுக்கு ஆயிரம் கணக்கு உண்டு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நெடுங்காலம் அவரை எங்கள் மாவட்டத்துக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கை.

ஒரே பாலம், ஒரே வெள்ளம். ஒருவருக்கு அது மாலையானது, இன்னொருவருக்கு வடு. ஓர் ஆளைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தில் எத்தனை பங்கு அந்த ஆள், எத்தனை பங்கு அவர் மேல் வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். தோன்றும்போதெல்லாம் அப்பாயி ஞாபகமும் வந்துவிடும்.

அப்பாயி பாதி வருஷம் எங்கள் வீட்டில் இருக்கும், பாதி வருஷம் செட்டிகுளம் பக்கத்தில் அத்தை வீட்டில். பெரம்பலூர் மாவட்டத்தில் அந்தப் பக்கமெல்லாம் சின்ன வெங்காயம்தான் பேச்சு, அதுதான் கல்யாணம், அதுதான் கடன். அத்தை வீட்டுக்குப் பின்னால் பட்டறை இருந்தது. கல் அடுக்கி, மேலே கழி பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, கீற்று வேய்ந்தது. பிடுங்கிக் காயவைத்த வெங்காயத்தை அதில் கொட்டிவைத்தால் காற்று புகுந்து புறப்பட்டு மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும். விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

அங்கே ஒரு வியாபாரி வருவார். மற்ற வியாபாரிகள் மேலாக இரண்டு வெங்காயத்தை எடுத்து உரித்துப் பார்த்துவிட்டு, மாமாவிடம் நலம் விசாரித்து, மோர் குடித்து, பிறகு விலைக்கு வருவார்கள். இவர் வந்த முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பட்டறைக்குப் போனார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, படல் சந்தில் முழங்கை மறையும்வரை கையை உள்ளே விட்டார். விட்ட கையை உடனே எடுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாயிக்கு முகம் கடுத்துவிட்டது. நல்லதை மேலே வைத்து அழுகலை அடியில் மறைக்கிற வீடா இது?

"ஏண்டி, யாரு இவன்? நம்ம வூட்டு அடுப்புக்குள்ளயே கைய விட்டுப் பாப்பான் போலருக்கே!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருக்கு அந்த வீட்டில் வேறு பெயர் கிடையாது.

அந்தத் திண்ணையில் அப்பாயியின் தலைக்குள் நடந்ததை மூளை ஆய்வாளர்கள் ஓரளவு படம் பிடித்திருக்கிறார்கள். 2009-இல் டேனியேலா ஷில்லர், எலிசபெத் ஃபெல்ப்ஸ் முதலானவர்கள் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்களின் படத்தைக் காட்டி, அவர்களைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சில வரிகளைப் படிக்கவைத்து, அந்த நேரத்தில் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். பிறகு இந்த ஆளை உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டார்கள். படித்த வரிகளில் எல்லா வரிக்கும் ஒரே மதிப்பு இல்லை. கடைசியில் எந்தத் தீர்ப்பைச் சொன்னார்களோ அந்தத் தீர்ப்புக்கு ஒத்த வரிகளைப் படித்தபோது இரண்டு இடங்கள் கூடுதலாக வேலை செய்திருந்தன. ஒன்று, பாதாம் பருப்பு அளவில் உள்ளே புதைந்திருக்கும் அமிக்டலா. பயம், ஆபத்து, விருப்பு, வெறுப்பு எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. மற்றொன்று, மூளையின் நடுமடிப்பில் பின்பக்கமாக இருக்கும் பகுதி. ஒரு பொருளுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று மதிப்புப் போடும்போதும் அது விழித்துக்கொள்ளும். ஆளுக்கென்று தனித் தராசு வைத்துக்கொள்ளாமல், சரக்குக்கு விலை போடுகிற அதே தராசில் மூளை ஆளையும் தூக்கி வைக்கிறது. வியாபாரி வெங்காயத்தைக் கணித்துக்கொண்டிருந்தபோது அப்பாயி வியாபாரியைக் கணித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வேலைதான்.

வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா, முரடரா? வந்த பதில்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கவிட்டபோது வந்த பதில்களோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. அரை நொடி, ஒரு நொடி என்று நேரத்தைக் கூட்டியபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. நான் சொன்னது சரிதான் என்ற உறுதி மட்டும் கூடியது.

இதைப் படித்தபோது எனக்குப் பெண் பார்க்கும் சடங்குதான் நினைவுக்கு வந்தது. சித்தப்பா மகளைப் பார்க்கக் குன்னத்திலிருந்து வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி, மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகக் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று கொல்லைப்புறம் அனுப்பியது, எல்லாம் சேர்த்து ஒரு முழுப் பிற்பகல் ஓடியது. பிற்பாடு ஒருநாள் தங்கையிடம் கேட்டேன். "அவரு வாசப்படியில தல இடிக்காம குனிஞ்சி வந்தாருல்லண்ணே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். மத்ததெல்லாம் பெரியவங்களுக்காக" என்றாள். அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். முதல் பார்வை எல்லாம் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நளினி அம்பாடி, ஹார்வர்டில் ராபர்ட் ரோசந்தாலோடு சேர்ந்து 1993-இல் காட்டியது இதற்கு நேர்மாறு. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் சில நொடிப் படத்துண்டுகளைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டி அந்நியர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். அந்த மதிப்பெண்கள், பருவம் முழுக்க அவர்களிடம் படித்த மாணவர்கள் கடைசியில் போட்ட மதிப்போடு வியக்கும் அளவுக்குப் பொருந்தின. கண் எதையோ பிடிக்கத்தான் செய்கிறது. எதைப் பிடித்தது என்பது நமக்கே தெரியாததுதான் சங்கடம்.

ஏலாக்குறிச்சி தேர்த் திருவிழாவுக்கு அப்பாயி எங்களைக் கூட்டிப் போனதுண்டு. அப்பாயி மாதா கோயிலுக்கும் போகும், வெள்ளிக்கிழமையானால் சிறுவாச்சூர் மதுரகாளி என்றும் கிளம்பும், பாகுபாடு கிடையாது. அடைக்கல மாதாவின் கதையோடு வீரமாமுனிவர் கதையும் அங்கே சேர்ந்தே இருக்கிறது. தாடியும் தலைப்பாகையும் அங்கியுமாக இருந்த அவர் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாயி, "நம்மூரு சாமியாராட்டம்ல இருக்காரு" என்று கும்பிட்டுக்கொண்டது. இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, கோட்டும் தொப்பியுமாக வந்தால் தன்னை யார் பக்கத்தில் சேர்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த ஊர்த் துறவிகளின் கோலத்தை எடுத்துக்கொண்டார். செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அப்பாயியிடம் அது பலித்தது. அதே மனிதர்தான் பரமார்த்த குருவையும் எழுதினார். கோலத்தை வைத்து ஒருவரை குரு என்று நம்பிக் கெடும் சீடர்களின் கதை! தன் உத்தியைத் தானே கேலி செய்துகொண்ட மாதிரி எனக்கு அது படும். அவர் அப்படி நினைத்து எழுதினாரோ என்னவோ.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் பஸ்ஸில் போகும்போது காரை, குளக்கல்நத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளைப் பற்றி யாராவது பேசாமல் இருக்கமாட்டார்கள். கடல் கிடந்த இடம். சின்ன வயதில் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி பதிந்த துண்டுகளைப் பொறுக்கி டிராயர் பையில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறோம். சாத்தனூரில் மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது, 18 மீட்டர் நீளம். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது, வயது 12 கோடி வருஷம். மனதில் ஆள் பதிவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சிப்பிக் கல் தானாகவே கைக்கு வந்துவிடும். ஆனால் உவமை பொருந்தாது. சிப்பி போன பிறகு கல் அந்த அச்சை அப்படியே வைத்திருக்கும். மூளை அப்படிச் சும்மா வைத்திருப்பதில்லை, பதிந்த அச்சுக்குத் தோதாகப் பிறகு வருகிற சிப்பிகளையெல்லாம் வளைத்துக்கொள்கிறது.

சாலமன் ஆஷ் 1946-இல் செய்த சோதனை மிக எளியது. ஓர் ஆளைப் பற்றிய குணங்களை வரிசையாக வாசித்தார். அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, அன்பானவர், உறுதியானவர், காரியவாதி, எச்சரிக்கையானவர். இன்னொரு கூட்டத்துக்கு அதே பட்டியலில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, அன்பானவர் இருந்த இடத்தில் ஒட்டாதவர் என்று வைத்தார். ஆளே மாறிப்போனார். முதல் கூட்டம் அவரைத் தாராள மனதுக்காரர், நகைச்சுவை உள்ளவர் என்றெல்லாம் வருணித்தது. பட்டியலில் அந்தக் குணங்களே இல்லை. இரண்டாவது கூட்டத்துக்கு அதே அறிவும் அதே எச்சரிக்கையும் சூதாகத் தெரிந்தன.

அப்பாயி விஷயத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வியாபாரி மற்றவர்களைவிட மூட்டைக்குக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்தார். "வேற எங்கயோ அமுக்குறான்" என்றது அப்பாயி. கணக்கைச் சீட்டில் எழுதிக் காட்டுவார். "நம்பிக்கயில்லாதவன்தான் எழுதி வெப்பான்." தீபாவளிக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பெட்டி கொண்டுவந்தார். அப்பாயி வாயே திறக்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தது.

பிறகு ஒரு கோடையில் திடீர் மழை அடித்து ஓய்ந்த வாரம், வாங்குகிற எண்ணமே இல்லாமல் வேறு எங்கோ போகிற வழியில் அவர் அத்தை வீட்டில் நின்றார். வழக்கம்போல் பட்டறைக்குப் போய்க் கையை விட்டார். கண்ணை மூடினார். எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, அடியில சூடு ஏறிக்கிடக்கு. இன்னிக்கே பிரிச்சிக் கொட்டிடுங்க. ரெண்டு நாளு போனா ஒண்ணும் மிஞ்சாது."

பிரித்துப் பார்த்தால் அடி மூலையில் அழுகல் பிடித்துப் பரவத் தொடங்கியிருந்தது. பெரும்பகுதி தப்பியது. அத்தைக்கு அன்றைக்குத்தான் அந்தக் கை எதைத் தேடுகிறது என்று புரிந்தது. சூட்டைத் தேடுகிறது. நாணயத்தைச் சோதிக்கவில்லை. முதல் நாள் தொடங்கி அவர் கையை விட்ட ஒவ்வொரு தடவையும் அத்தையின் மனதில் பின்னோக்கி நிறம் மாறியது.

அப்பாயிக்கு மாறவில்லை. "நாளைக்கி அவந்தான வாங்கப்போறான். தன் சரக்கு கெடக் கூடாதுன்னு சொல்றான்" என்றது.

ஒரே செயல். மகளுக்கு ஒரு பொருள், தாய்க்கு இன்னொரு பொருள். இதில் யார் கெட்டிக்காரர் என்று இன்றுவரை நான் தீர்ப்புச் சொன்னதில்லை. வியாபாரியும் தர்மசாலை நடத்தவில்லையே.

அத்தைக்கு நடந்த மாற்றத்தைத்தான் தாமஸ் மானும் மெலிசா ஃபெர்குசனும் 2015-இல் ஆய்ந்தார்கள். ஃபிரான்சிஸ் வெஸ்ட் என்ற கற்பனை ஆளைப் பற்றி ஒரு கதை. பக்கத்து வீடுகளின் கதவை உடைத்து உள்ளே போனான், பொருள்களைச் சிதைத்தான், மதிப்பு மிக்கவற்றைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். படித்தவர்களுக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வருகிறது: அந்த வீடுகள் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தன, அவன் தூக்கிவந்தது குழந்தைகளை. வாயால் சொல்லும் கருத்து மட்டுமல்லாமல், யோசிக்காமல் உள்ளே எழும் வெறுப்பும்கூட அந்த இடத்தில் திரும்பிவிட்டது. வேறொரு நற்செயலைக் கொண்டுவந்து மேலே வைத்தபோது இவ்வளவு திருப்பம் கிடைக்கவில்லை. பழைய செயலுக்கே வேறு பொருள் கிடைத்தால்தான் உள்ளே இருப்பது அசைகிறது. மிட்டாய்ப் பெட்டி அத்தையையும் அசைக்கவில்லை, சூடுதான் அசைத்தது.

அரியலூர்ப் பக்கத்தில் வளர்ந்த ஒருவரின் வாழ்க்கையே இப்படி ஒரு திருப்பத்தில் நிற்கிறது. உ.வே. சாமிநாதையரைக் கும்பகோணத்துக்காரராகவும் சென்னைக்காரராகவும்தான் பலர் அறிவார்கள். அவருடைய பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதி எங்கள் மண்ணில் கழிந்தது. தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், ஆதரிப்பவர்கள் இருக்கும் ஊராகப் பார்த்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனவர். அரியலூர்ச் சடகோபையங்காரிடம்தான் சிறுவனுக்குத் தமிழ்ச் சுவை ஊறியது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று பாடம் தொடர்ந்தது. யாப்பருங்கலக் காரிகையைச் சொல்லிக்கொடுத்த ரெட்டியார்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையைச் சொல்லிச் சொல்லி ஆசையை மூட்டினார். 1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை முதன்முதலாகப் பார்க்கும்போது உ.வே.சா.வின் மனதில் அந்த உருவம் ஏற்கெனவே பாதி எழுதப்பட்டிருந்தது. ஹரால்ட் கெல்லி என்பவர் 1950-இல், வகுப்புக்கு வரப்போகும் ஒரு புதிய ஆசிரியரைப் பற்றி மாணவர்களுக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பைக் கொடுத்தார். சிலருக்கு அன்பானவர் என்று, சிலருக்கு ஒட்டாதவர் என்று. எல்லாரும் கேட்டது ஒரே வகுப்புதான். அன்பானவர் என்று படித்தவர்களுக்கு ஆசிரியரைப் பிடித்தது, அவர்கள் வகுப்பில் அதிகம் பேசவும் செய்தார்கள். ரெட்டியார் கொடுத்தது அந்தக் குறிப்பு. பிள்ளையவர்கள் அந்தக் குறிப்புக்கு மேலேயே இருந்தார் என்பது தமிழின் யோகம்.

எல்லாக் குறிப்பும் இப்படிப் பலிக்காது. கும்பகோணம் கல்லூரியில் உ.வே.சா. ஆசிரியராக இருந்தபோது, அரியலூரிலிருந்து மாற்றலாகிச் சேலம் இராமசுவாமி முதலியார் அங்கே முன்சீபாக வந்தார். தமிழில் ஈடுபாடு உள்ளவர், பார்த்துவிட்டு வாரும் என்று திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியனுப்பினார். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. போனவருக்கு வரவேற்பு சப்பென்று இருந்தது. யாரிடம் படித்தீர் என்று கேட்டார், பிள்ளையவர்கள் பெயரைச் சொன்னால் எவர் முகமும் மலரும், இவர் முகம் மலரவில்லை. என்னென்ன படித்தீர் என்றார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று அடுக்கினால், இதையெல்லாம் படித்து ஆனது என்ன என்கிற தொனி. கம்பராமாயணம்வரை போயும் மனிதர் அசையவில்லை. அதிகாரப் பதவியும் ஆங்கிலப் படிப்பும் தந்த மிதப்பு என்று உ.வே.சா. எண்ணியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அப்பாயியாக இருந்தால் அதோடு எழுந்து வந்திருக்கும்.

பிறகு முதலியார் பழைய நூல்களைப் பற்றிக் கேட்டார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? உ.வே.சா. அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புத்தகம் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல முடியும் என்று துணிந்து சொன்னார். முதலியார் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். பாடம் தொடங்கியது. பழைய தமிழ் நூல்கள் மண்ணோடு போகின்றனவே என்ற கவலைதான் அந்த முதல் நாள் உதாசீனத்துக்குள் இருந்தது என்று போகப்போகப் புரிந்தது. 1887-இல் உ.வே.சா.வின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஒரு வரிசையே வந்தது.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத்தொடங்கியது 1940-இல். முதலியாரை முதலில் பார்த்து ஏறத்தாழ அறுபது வருஷம். அதற்குள் முதலியார் அவர் வாழ்க்கையின் பெரும் நன்றிக்கு உரியவராகிவிட்டார். அந்த முதல் சந்திப்பை எழுதும்போது, பார்த்தவுடனே பெரிய மனிதர் என்று தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தால் யார் மறுக்கப்போகிறார்கள்? எண்பத்தைந்து வயதில் அவர் அந்த முதல் கசப்பை அப்படியே கசப்பாகவே வைத்திருக்கிறார். பழைய கணிப்பு அழிந்துபோவதில்லை, புதியது அதன் மேல் வந்து அமர்கிறது, வேறு சூழலில் பழையது எட்டிப் பார்க்கவும் செய்யும் என்று பெர்ட்ராம் கவ்ரான்ஸ்கி குழுவினர் 2010-இல் காட்டினார்கள். தமிழ்த் தாத்தா அதை வாழ்ந்தே பார்த்திருக்கிறார்.

அழகேசனுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பிரதமர் யார் தெரியுமா? சாஸ்திரி. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் இசையவில்லை, விலகல் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான். ராஜினாமா என்றதும் சாஸ்திரி நினைவுக்கு வருகிறார், அரியலூர் என்றதும் அழகேசன். தமிழுக்காகக் கடிதம் நீட்டிய அழகேசனை எங்கள் பக்கத்தில் நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை. அது புதிய நற்செயல், பழைய பாலத்துக்கு வேறு பொருள் எதையும் அது தரவில்லை. அதனால்தான் ஒட்டவில்லை என்று நினைக்கிறேன். ஊருக்கும் இதே கதைதான். பெரம்பலூரிலிருந்து பிரித்து, திரும்பச் சேர்த்து, மறுபடி பிரித்து அரியலூர் தனி மாவட்டமானது 2007-ஆம் ஆண்டு. நாள் நவம்பர் 23. யார் தேதி குறித்தார்களோ, அவர்களுக்கு மருதையாறு நினைவில் இருந்திருக்காது.

அப்பாயிக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அறுவைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். குரலையும் நடையையும் வைத்துத்தான் ஆளை அறியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞன், தாயைப் பார்த்து, இவள் பார்க்க என் அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் வேறு யாரோ என்பான். அதே தாய் தொலைபேசியில் பேசினால் சந்தேகமே வராது. முகத்தை அறியும் இடத்துக்கும் அமிக்டலாவுக்கும் நடுவே உள்ள வழி அறுந்துவிட்டது, காதிலிருந்து போகும் வழி சேதமில்லாமல் இருந்தது என்று ராமச்சந்திரன் விளக்கினார். முகம் தெரிந்தால் மட்டும் போதாது, பார்த்ததும் உள்ளே அந்தப் பழைய வெதுவெதுப்பு எழவேண்டும்.

அப்பாயிக்கு எல்லா வழியும் நன்றாகத்தான் இருந்தது. வாசலில் அந்த வியாபாரியின் செருப்புச் சத்தம் கேட்டாலே, "வந்துட்டான்யா கைய விட்டுப் பாக்குறவன்" என்று கட்டிலில் புரண்டு படுக்கும்.

அப்பாயி இறந்ததும் துக்கத்துக்கு அவர் வந்தார். மகன் வண்டியில் கூட்டிவந்தான். மாலையை வைத்துவிட்டு, மாமா பக்கத்தில் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இந்த வருஷம் விதை வெங்காயம் என்ன விலைக்குப் போகிறது என்று தாழ்ந்த குரலில் பேசிவிட்டுக் கிளம்பினார். எங்கள் ஊரிலிருந்து வந்த பெரியம்மா அத்தையிடம் யார் இவர் என்று விசாரித்தார்.

"தெரியலயாக்கா? நம்ம கைய விட்டுப் பாத்த அண்ணன். அம்மாவுக்குத்தான் கடைசி வரைக்கும் அவர ஆவல. பதினாறாம் நாளு காரியத்துக்கு மறக்காம சொல்லிவிடணும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சொல்லாட்டியும் வந்துருவாரு. பட்டறையில சரக்கு கிடக்குல்ல."